ராஜ்தூத் 350: பாரல் ஹெச்டியா எல்டியா? அளவு தேவை

வணக்கம் நண்பர்களே. 1980-களின் ராஜ்தூத் 350 பைக் ஒன்றை ஒரிஜினல் பாகங்களோடு மீட்டெடுக்கும் வேலை நடக்கிறது. போர் 64, ஸ்ட்ரோக் 54 மி.மீ. பாரல்கள் (சிலிண்டர்கள்) எல்டியா (லோ டார்க்) ஹெச்டியா (ஹை டார்க்) என்று தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, தொடாத ஹெச்டி பாரல் வைத்திருப்பவர்கள், மேல் விளிம்பிலிருந்து எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் ஓரம் வரை வெர்னியரில் அளந்து சொல்லுங்கள். கேஸ்கெட்டைச் சேர்க்க வேண்டாம். ஏற்கெனவே போர்ட்டை அரத்தால் ஃபைல் போட்ட பாரலின் அளவு உதவாது.

இரண்டாவது, கிராங்க் சீல்கள். காந்தப் பக்கச் சீல் கசிந்தால் காற்று புகுந்து கலவை மெலியும், பிஸ்டன் பிடித்துவிடும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு அந்தப் பக்கச் சைலன்சரில் வெள்ளைப் புகை கக்கும். எஞ்சினுக்கு 2டி ஆயில் செலுத்தும் ஆட்டோலூப் பம்ப்பைக் குறை சொல்லுமுன் கியர் ஆயில் அளவைப் பாருங்கள். இங்கே வாங்கிய சீலின் உதடு, விரலால் அழுத்தினாலே மடிந்து அப்படியே நிற்கிறது, பிளாஸ்டிக் மாதிரி. அதைப் போட மனசு வரவில்லை.

பழைய ஸ்டாக் ஜப்பான் சீல், 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் ஒரு ஜோடி, முன்பக்க இரட்டை லீடிங் ஷூ டிரம் பிரேக்கின் இணைப்புக் கம்பி, இவை சென்னையிலோ கோவையிலோ எங்கே கிடைக்கும்? டிஸ்க் மாற்றும் யோசனை வேண்டாம். இந்திய வண்டிக்கு டிரம்தான் சரி.