அம்மா வரைந்த படங்களைக் காப்பாற்ற யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் அம்மா போன மாதம் காலமானார். அவர் நினைவாக வீட்டிலேயே சின்னதாக ஒரு கண்காட்சி வைக்க ஆசை. பரணிலிருந்து பெட்டியை இறக்கிப் பார்த்தேன்.

நீர்வண்ணப் படங்கள் நன்றாகவே இருக்கின்றன. சாஃப்ட் பேஸ்டலில் (பொடியாக உதிரும் வண்ணக் கட்டி) வரைந்தவைதான் கவலை. தொட்டாலே நிறம் விரலில் ஒட்டிக்கொள்கிறது. அவற்றில் ஒன்று, சின்ன வயதில் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தது. போர்வையின் ஒவ்வொரு மடிப்பும் இருக்கிறது, என் முகம் மட்டும் பாதியில் நிற்கிறது. நடுவில் நான் எழுந்து தண்ணீர் கேட்டேனாம்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அப்புறம் பிரிக்க முடியாது. பொடி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே அடித்தால் நிறம் கறுக்கும் என்பதால் அதற்கும் தயக்கம். இப்போதைக்கு அமிலமில்லாத தாள்களுக்கு நடுவே, வெளிச்சமும் ஈரமும் படாமல் வைத்திருக்கிறேன். சட்டம் போட்டால் கண்ணாடி படத்தில் உரசக்கூடாது. அதற்கு எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? ஸ்கேனரில் கவிழ்த்தால் பொடி உதிரும். கேமராவில் எடுப்பவர்கள் விளக்கை எங்கே வைக்கிறீர்கள்?

இன்னொன்று. அம்மாவின் பாடக் குறிப்பேட்டில் மாணவர்களைப் பற்றி பென்சிலில் எழுதியிருக்கிறார். "இவனுக்கு நிழல் நன்றாக வருகிறது, அவசரப்படுத்தக் கூடாது" என்று ஒரு வரி. மீதி மங்கிவிட்டது. பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் படமெடுத்தால் படிக்க முடியுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.