செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்டும் விதி: லேப் ரிப்போர்ட்டுகளின் அந்தரங்கம் என்னவாகும்?

கேள்வி (லேப் நிர்வாகி, சத்துவாச்சாரி):
வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் சிறிய இரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தி வருகிறேன். குடியாத்தம், ஆற்காடு பக்கமிருந்து வருகிறவர்கள் ரிப்போர்ட்டுக்காக மறுபடியும் பேருந்து ஏற வேண்டாமே என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம், எச்.ஐ.வி., கர்ப்பப் பரிசோதனை முடிவுகளும் அதில் அடக்கம். 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று அரசு கேட்டால் நிறுவனம் சொல்லியாக வேண்டுமாமே. அப்படியானால் எங்கள் நோயாளிகளின் முடிவுகளையும் பிறர் படிக்க முடியுமா?

பதில் 1 (வழக்கறிஞர், வேலூர்):
அம்மா, விதி 4(2) செய்தியின் உள்ளடக்கத்தைக் கேட்பதில்லை. 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள செய்திச் சேவைகள், நீதிமன்றமோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்கீழ் உரிய அதிகாரியோ ஆணையிட்டால், முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வேண்டும் என்கிறது. அதுவும் நாட்டின் பாதுகாப்பு, பாலியல் வன்கொடுமை போன்ற கடுங்குற்றங்களுக்கு மட்டும். வாட்ஸ்அப் இதை எதிர்த்து 2021 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அளித்த புட்டசாமி தீர்ப்பு இந்த விவாதத்தின் அடித்தளம். எச்.ஐ.வி. முடிவுக்கு 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது. அதை நேரில் கொடுப்பதே நல்லது.

பதில் 2 (கணினிப் பாதுகாப்புப் பணியாளர், இராணிப்பேட்டை):
வழக்கறிஞர் ஐயா சொன்னது விதியின் வாசகம்; அதை நடைமுறைப்படுத்தும் இடத்தில்தான் சிக்கல். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு செய்தியும் தனித் திறவுகோலால் பூட்டப்படுகிறது, அந்தத் திறவுகோல் இரு முனைகளின் கைப்பேசிகளில் மட்டுமே இருக்கிறது. நாளை எந்தச் செய்தியைக் கேட்பார்கள் என்று இன்று யாருக்கும் தெரியாது என்பதால், குற்றவாளியின் செய்தியோடு உங்கள் சர்க்கரை ரிப்போர்ட் உட்பட எல்லாவற்றுக்கும் அனுப்பியவரின் அடையாளத்தை முன்கூட்டியே ஒட்டிவைக்க நேரிடும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2019இல் இந்தப் பேச்சு எழுந்தபோது, சென்னை ஐஐடியின் பேராசிரியர் காமகோடி இது சாத்தியம் என்று ஒரு வழிமுறையை முன்வைத்தார்; மும்பை ஐஐடியின் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அந்த அடையாளத்தைப் போலியாக்க முடியும் என்று மறுத்தார். எனக்கு இரண்டாவது வாதமே வலுவாகப் படுகிறது. சந்தேகப்படும் ஒருவரின் கைப்பேசியைச் சட்டப்படி கைப்பற்றி ஆராயும் வழி காவல்துறைக்கு இருக்கும்போது, ஊர் முழுவதற்கும் முத்திரை குத்துவது தேவைக்கு மீறியது.

உங்கள் நிலையத்துக்கு இதைவிட அருகில் வேறோர் ஆபத்து உண்டு. கவுன்ட்டர் கைப்பேசியின் உரையாடல்கள் கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டால், அந்த நகலுக்கான மறையாக்கத்தை (என்கிரிப்ஷன், அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவது) அமைப்புகளில் நீங்களாகவே இயக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பூட்டு அதற்குப் பொருந்தாது.

லேப் நிர்வாகி:
இருவருக்கும் நன்றி. நகலுக்கான மறையாக்கத்தை இன்றே இயக்கிவிட்டேன். சில வீடுகளில் குடும்பத்துக்கே ஒரு கைப்பேசிதான் என்பதால், ரிப்போர்ட்டை எந்த எண்ணுக்கு அனுப்பலாம் என்று பதிவுச் சீட்டிலேயே கேட்டுக் கையெழுத்து வாங்கப் போகிறோம், எச்.ஐ.வி. முடிவு இனி நேரில் மட்டுமே.