பொருள்: நாட்டுக்கும் மாநிலத்துக்கும் ஒரே 'இயற்கைப் பிரிவு' போதுமா?

கோத்தகிரி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புக்கான இரண்டு சுவர்ப்படங்கள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. ஒன்று இந்தியா, மற்றொன்று தமிழ்நாடு. இரண்டின் தலைப்பும் 'இயற்கைப் பிரிவுகள்'. முதல் படத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை தீபகற்பப் பீடபூமிக்குள் அடக்கம். இரண்டாவதில் அதுவே தனிப் பிரிவு. நீலகிரி எதில் சேரும் என்று கேட்டால் பிள்ளைகள் இரண்டு விடை சொல்கிறார்கள், இரண்டும் சரி. பெரிய அலகுக்கு ஒரு சொல்லும் சிறியதற்கு ஒரு சொல்லும் வேண்டும்.

உதகை தமிழாசிரியர்:
அம்மா, 'மாயோன் மேய காடுறை உலகமும் சேயோன் மேய மைவரை உலகமும்' என்று நிலப்பகுதியைத் தொல்காப்பியர் உலகம் என்றே அழைத்தார். அந்தச் சொல் இன்று வேறு பொருளுக்குப் போய்விட்டது. திணை இருக்கிறது. பெரியது திணை, சிறியது புலம்.

கூடலூர் புவியியல் ஆசிரியர்:
ஐயா, திணை நிலம் மட்டும் அன்று; முதல் (நிலமும் பொழுதும்), கரு (அங்குள்ள உயிர்களும் பொருள்களும்), உரி (அதற்குரிய ஒழுக்கம்) மூன்றும் சேர்ந்தது. இமயத்தைக் குறிஞ்சி என்றால் அதன் ஒழுக்கத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். தார்ப் பாலைவனம் எந்தப் பாலை? முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் திரிந்தால் பாலை என்கிறது சிலம்பு. மழை வந்தால் அது மீளும். தார் அப்படி மீளாது. தேர்வில் இச்சொற்களை எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் போகும்.

குன்னூர் மொழிபெயர்ப்பாளர்:
மலையிலேயே சொல் இருக்கிறது. இங்கு வாழும் படகர் இன மக்கள் நீலகிரியைத் தொதநாடு, பொறங்காடு, மேற்குநாடு, குந்தெ என்று நான்கு சீமைகளாகப் பிரிக்கிறார்கள். சிறிய அலகுக்குச் 'சீமை' வைத்தால் கோத்தகிரிப் பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.

உதகை தமிழாசிரியர்:
சீமை வடமொழிச் 'சீமா'. எல்லை என்பதே அதன் முதற்பொருள். அதை ஏற்க மாட்டேன்.

குன்னூர் மொழிபெயர்ப்பாளர்:
சிவகங்கைச் சீமை என்று மக்கள் சொல்லிப் பழகியபின் பிறப்புச் சான்றிதழ் கேட்பது நியாயமா ஐயா? தூய்மையைத் தேடிப் புரியாத சொல்லில் போய் நின்றால் வகுப்பறைக்கு என்ன பயன்?

கோத்தகிரி ஆசிரியை:
நாளை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். இந்தியப் படத்தில் 'இயற்கைப் பெரும்பிரிவு', தமிழ்நாட்டுப் படத்தில் 'இயற்கை உட்பிரிவு' என்று போடுகிறேன். தனிமடலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் இதற்கே இசைந்தார்கள்.

கூடலூர் புவியியல் ஆசிரியர்:
மலைக்கு அது பொருந்தும். கடற்கரைச் சமவெளி இந்தியப் படத்திலேயே தனிப் பிரிவாயிற்றே? அதில் தமிழ்நாட்டின் பங்கு எதற்கு உட்பிரிவு? அச்சான பிறகும் இந்தக் கேள்வியை விடமாட்டேன்.