கோத்தகிரியா, குன்னூரா? அங்கே இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 61 வயது, என் கணவருக்கு 67. மதுரை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, இனி உள்ள காலத்தை நீலகிரியில் கழிக்க ஆசைப்படுகிறோம். உடனே வாங்கப் போவதில்லை. ஆடிச் சாரல், மார்கழிக் குளிர் இரண்டையும் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்த்துவிட வேண்டும்.

என் மனதில் இருப்பது சின்ன வீடுதான். காலை வெயில் விழும் வாசல், கேரட்டும் பூண்டும் போட நாலு பாத்தி, கூப்பிட்டால் எட்டிப் பார்க்கிற அக்கம்பக்கம். முக்கியமாக, படி இருக்கக் கூடாது. போன வருடம் குன்னூரில் ஒரு வீடு பார்த்தோம். அத்தனை அழகு! ஆனால் சாலையிலிருந்து 42 படி இறங்க வேண்டும். அவருக்கோ முழங்கால் வலி. ராத்திரியில் ஏதாவது என்றால் எப்படி மேலே தூக்கி வருவது? அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், அந்தக் குளிர் அவருக்கு ஆகாது. கோத்தகிரியைத் தொட்டபெட்டா மலை மறைப்பதால் அங்கே தென்மேற்குப் பருவமழை குறைவு, அதனால் மனம் அங்கேதான் போகிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோவை மருத்துவமனைக்கு எப்படிப் போகிறீர்கள்? கோடையில் தண்ணீர் வருகிறதா? சாயங்காலம் காட்டெருமை, கரடி பயமில்லாமல் நடக்க முடிகிற தெரு எது? அப்புறம், சாலை மட்டத்திலேயே வாடகை வீடு எங்காவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். சித்திரைக்குள் வந்து பார்த்துவிடுவோம்.