கோட்டைக்குள்ள பதுங்கு குழியா? கதை விடாதீங்க

பாலாத்துக்காரன்: "வேலூர் கோட்டையிலேர்ந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கம் இருக்கு, ரெண்டாம் உலகப்போர்ல வெள்ளைக்காரன் அதைக் குண்டுவீச்சுப் பதுங்கு குழியா மாத்தினான், இப்ப மூடிக் கிடக்கு"ன்னு ஒரு பதிவு சுத்துது. படிச்சதும் பத்திக்கிட்டு வருது. கோட்டையைச் சுத்தி அகழி. அகழிக்கு அடியில சுரங்கம் எப்படிப் போச்சு? தேடிப் பார்த்த ஆய்வாளர்களுக்கு ஒரு தடயமும் கிடைக்கல.

சத்துவாச்சாரி பையன்: அதைப் போட்டது நான்தான். 2025 மே 7 சைரன் ஒத்திகை அன்னிக்கு, குண்டு விழுந்தா எங்க ஓடறதுன்னு எல்லாரும் கேட்டீங்களே? காலடியிலேயே இடம் இருக்குன்னு சொன்னா கோவம் வருதா? மதிலுக்கு அடியில கம்பி போட்ட வாயைக் கண்ணால பார்த்தேன். உள்ளே வளைவுக் கல்லு, வௌவால் நாத்தம்.

பாலாத்துக்காரன்: சூரியகுண்டம் ஏரியிலேர்ந்து அகழிக்குத் தண்ணி வந்ததே நிலத்தடிக் கால்வாய் வழியாத்தான். தண்ணி போற வாயைப் பார்த்துட்டு பங்கர்ங்கறீங்க. 2021 நவம்பர் மழைக்கு கோட்டைக்குள்ள இருக்கற ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணி வந்துச்சு. அதுக்கும் கீழ மனுஷன் பதுங்குவானா? அகழிக்குப் பதில் சொல்லுங்க.

ராணிப்பேட்டை அக்கா: லண்டன்ல தேம்ஸ் ஆத்துக்கு அடியிலேயே 1843-ல சுரங்கம் திறந்தாங்க. அகழி எம்மாத்திரம் தம்பி?

பாலாத்துக்காரன்: அக்கா, அதை முடிக்க 18 வருஷம் ஆச்சு, நடுவுல எத்தனையோ தடவை ஆறு உள்ளே பூந்துச்சு. நம்ம அகழிக்கு அடியில தோண்டினது யாரு, இறைச்சது யாரு?

சத்துவாச்சாரி பையன்: இங்கிலாந்துல கோர்ஷம்னு ஒரு ஊர். பழைய கல்குவாரிக்குள்ள 35 ஏக்கர்ல, 4,000 பேர் தங்கற அளவுக்குப் பதுங்கிடம் கட்டி, 2004 வரைக்கும் ரகசியமா வச்சிருந்தாங்க. ரகசியத்துக்கு எங்கே சார் தடயம்?

பாலாத்துக்காரன்: தடயம் இல்லாததே தடயமா? அதுவும் அது அணுகுண்டுக்குப் பயந்து 1950-கள்ல கட்டினது. 1942 ஏப்ரல்ல விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு விழுந்ததும் சென்னையே காலியாச்சு. ஜனங்க உள்நாட்டுப் பக்கம்தான் ஓடினாங்க. ஓடி வர்ற ஊர்ல எதுக்குய்யா பதுங்கு குழி?

காட்பாடி வாத்தியார்: வேலூர்ல மத்திய சிறை இருந்துச்சே. காமராஜரை வச்சிருந்த சிறை. வெள்ளைக்காரன் பாதுகாப்பு பண்ணியிருக்க மாட்டானா?

பாலாத்துக்காரன்: சிறையைக் காப்பாத்த கோட்டைக்குள்ள குழியா வாத்தியாரே? எங்க சுத்தினாலும் அகழிக்குத்தான் வரணும்.

ராணிப்பேட்டை அக்கா: பேச விடுப்பா. நீ மட்டும்தான் வேலூர்ல பொறந்தியா?

பாலாத்துக்காரன்: 2019-லேயே மாவட்டம் பிரிஞ்சு போயிட்டீங்க. எங்க கோட்டைக்கு நாங்க பதில் சொல்லிக்கிறோம்.

ராணிப்பேட்டை அக்கா: உங்க கோட்டையா? வட ஆற்காடுன்னு ஒண்ணா இருந்தப்ப எங்களுக்கும் அதுதான் கோட்டை. பட்டா உன் பேர்ல இருக்கா?

சத்துவாச்சாரி பையன்: விடுங்கக்கா. போன வருஷம் கோட்டைக்குள்ள இருக்கற திப்பு மஹால் விஷயத்துலயும் இவர் இப்படித்தான் என் வாயை அடைச்சார். தொல்லியல் துறை அந்தக் கம்பியைத் திறந்து காட்டட்டும்.

பாலாத்துக்காரன்: திறக்கட்டும், நானும் வரேன். அதுவரைக்கும் பதிவை எடுங்க. பசங்க நம்பி அந்த வாய்க்குள்ள இறங்கினா யாரு பொறுப்பு?

சத்துவாச்சாரி பையன்: எடுக்க மாட்டேன்.

பாலாத்துக்காரன்: அப்ப அகழிக்குப் பதில் சொல்லுங்க.