38 மீட்டர் வீழ்ச்சிக்கு எந்த டர்பைன்?

கோத்தகிரி அருகே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓடையில், குழாய் உராய்வு போக நிகர வீழ்ச்சி (நீர் இறங்கும் உயரம்) 38 மீட்டர். மழைக்காலத்தில் விநாடிக்கு 20 லிட்டர் வரும் நீர், மார்ச் மாதத்தில் 6 லிட்டராகச் சுருங்கிவிடுகிறது. சென்ற ஆண்டு மையவிலக்குப் பம்பு ஒன்றைத் டர்பைனாகத் தலைகீழாக ஓட்டியதில் மழை மாதங்களில் 4 கிலோவாட் கிடைத்தது. நீர் பாதியாகக் குறைந்ததுமே மின்னழுத்தம் விழுந்து விளக்குகூட எரியவில்லை.

விற்பனையாளர் ஒருவர் பெல்டனைப் பரிந்துரைத்தார்; நாசில் எனும் குறுகிய முனை பீய்ச்சும் நீர்த்தாரை, கிண்ணங்களில் மோதிச் சக்கரத்தைச் சுழற்றும் டர்பைன் அது. ஆனால் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும் ஜெனரேட்டருடன் நேரடியாக இணைத்தால் சக்கர விட்டம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர்தான் வரும். முழு நீரையும் ஒரே நாசிலில் விட்டால் தாரை 3 சென்டிமீட்டர் தடிமனாகிவிடும் என்பதால், அந்தச் சக்கரத்துக்கு அது மிகையென்றே கருதுகிறேன். பெல்ட் போட்டு வேகத்தை உயர்த்தலாம்தான். அதைக் கவனிக்க அங்கே ஆளில்லை. மணல் கலந்த நீர் என்பதால், குறுகிய இடைவெளிகள் தேய்ந்துவிடும் பிரான்சிஸ் டர்பைனை எண்ணவில்லை.

ஆண்டு முழுதும் ஓட, தாரை சக்கரத்தில் சாய்வாகப் பாயும் இரட்டை நாசில் டர்கோ பொருந்துமா, உருளைச் சக்கரத்தின் குறுக்கே நீர் பாயும் குறுக்குப்பாய்ச்சல் டர்பைன் பொருந்துமா?