கும்பாபிஷேக வீடியோ: நாலரை மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் திணிக்க வேண்டாம்

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் சென்னையிலிருந்து வணக்கம்.

கோயில் கும்பாபிஷேகமோ வீட்டுக் கல்யாணமோ, ஹெச்டியில் எடுத்தால் நாலு, அஞ்சு மணி நேரம் ஓடுகிறது. "எல்லாத்தையும் ஒரே டிவிடியில போட்டுக் கொடுங்க" என்றால் கடையில் போட்டுத்தான் கொடுப்பார்கள். கொஞ்சம் கணக்குப் பாருங்கள். டிவிடி 4.7 ஜிபி, நாலரை மணி நேரம் என்பது 16,200 விநாடி. ஒரு ஜிபி என்பது 8000 மெகாபிட்; ஆக ஜிபியை 8000-ஆல் பெருக்கி விநாடியால் வகுத்தால், விநாடிக்கு 2.3 மெகாபிட்தான் வருகிறது. டிவிடி படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 முறைக்கு இது போதவே போதாது. கோபுர உச்சியிலிருந்து தீர்த்தம் தெளிக்கும்போது திரை முழுக்கத் துளிகள் பறக்கும். அந்த இடம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். தீபாராதனைப் புகையும் அப்படித்தான். எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்க்க விரும்பும் இடங்களே இவைதான்.

அதனால் வீடியோ எடுத்தவரிடம் டிவிடி மட்டும் வாங்கி வராதீர்கள். கேமராவில் பதிந்த மூலக் கோப்புகளைக் கேளுங்கள். ஏவிசிஹெச்டி என்ற ஹெச்டி முறையில் பதியும் கேமரா என்றால் எம்டிஎஸ் என்ற வீடியோ கோப்புகள் மட்டும் போதாது, மெமரி கார்டில் இருக்கும் ஃபோல்டர் முழுவதையும் அப்படியே பிரதி எடுக்க வேண்டும். நீளமான பதிவைக் கேமரா 2 ஜிபி அல்லது 4 ஜிபி துண்டுகளாக வெட்டி வைக்கும். இவற்றைத் தனித்தனி வீடியோவாக நினைத்து அடுக்கினால் ஒவ்வொரு ஒட்டிலும் நாதஸ்வரம் ஒரு கணம் அறுந்து கேட்கும். டிஎஸ்மக்ஸர் என்ற இலவச மென்பொருளில் முதல் துண்டை 'ஆட்' கொடுத்தும், அடுத்தடுத்த துண்டுகளை 'ஜாயின்' கொடுத்தும் சேர்த்தால் ஒட்டு தெரியாது.

அதே மென்பொருளில் 'ப்ளூரே ஃபோல்டர்' அல்லது 'ப்ளூரே ஐஎஸ்ஓ' என்று தேர்ந்தெடுத்தால், படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே ப்ளூரே (டிவிடியை விட அதிகம் கொள்ளும் டிஸ்க்) அமைப்பில் வைத்துவிடும். மெனு இருக்காது, டிஸ்க்கைப் போட்டதும் ஓடத் தொடங்கும். வீட்டுப் பெரியவர்களுக்கு அதுவே வசதி. சாப்டர் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று விட்டுவிடாமல் யாகசாலை, பூர்ணாஹுதி, கடம் புறப்பாடு, கும்பாபிஷேகம், அன்னதானம் என்று நேரம் பார்த்து நீங்களே கொடுங்கள்.

விநாடிக்கு 17 மெகாபிட்டில் எடுத்த வீடியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7.7 ஜிபி. நாலரை மணிக்கு 34, 35 ஜிபி ஆகும். 25 ஜிபி ப்ளூரே இரண்டு போதும்; ஒரு துளித் தரமும் குறையாது. பூர்ணாஹுதியோடு முதல் டிஸ்க்கை முடித்து, கடம் புறப்பாட்டில் இரண்டாவதைத் தொடங்குங்கள். ஒரே 50 ஜிபி டிஸ்க்கிலும் போடலாம், ஆனால் இரட்டை அடுக்கு டிஸ்க்குகளைப் பழைய பிளேயர்கள் சில படிக்க மறுக்கும். என் ஓட்டு இரண்டு 25-க்குத்தான்.

டிவிடி பிளேயர் மட்டும் உள்ள வீட்டுக்கு மூன்று டிவிடி, ஒவ்வொன்றிலும் ஒன்றரை மணி நேரம். படத்துக்கு 6 மெகாபிட், ஒலிக்கு டால்பி 256 கிலோபிட். மாற்றும்போது ஃபீல்டு வரிசையைக் கவனியுங்கள். ஒரு ஃப்ரேமின் கோடுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு பாதிகளாகப் பதியும்; ஒவ்வொரு பாதியும் ஒரு ஃபீல்டு. ஹெச்டி கேமராவில் மேல் ஃபீல்டு முதலில் வரும். பழைய மினிடிவி (DV) டேப் கேமராவுக்கான அமைப்பில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். இது மாறிப்போனால் நிற்கும் ஆட்கள் சரியாகத் தெரிவார்கள், நகரும் தேர் மட்டும் முன்னும் பின்னுமாக உதறிக்கொண்டே போகும். கம்ப்யூட்டர் திரையில் பெரும்பாலும் இது தெரியாது, டிவியில்தான் தெரியும்.

அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்கள் கவனிக்க: வீட்டில் எழுதிய டிஸ்க்குக்கு ரீஜன் கோட் (எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்ற பூட்டு) தொல்லை கிடையாது. தொல்லை 50-க்கும் 60-க்கும் இடையில். இங்கே கேமரா எடுப்பது விநாடிக்கு 50 ஃபீல்டு, அதாவது 25 ஃப்ரேம்; அங்கே 60 ஃபீல்டு. அங்கே விற்கும் ப்ளூரே பிளேயர்கள் பல அதை ஏற்காது. 24 ஃப்ரேமுக்கு மெதுவாக்கினால் ஓடும், ஆனால் ஒலியும் 4 சதவீதம் மெதுவாகிச் சுருதி காதுக்குத் தெரியும்படி இறங்கிவிடும். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது தாங்காது. அவர்களுக்கு எம்பி4 கோப்பாக பென்டிரைவில் அனுப்புவதே நல்லது. 4 ஜிபிக்கு மேல் கோப்பு இருந்தால் பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருக்கக் கூடாது, எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள்.

போனில் எடுத்த துண்டுகளைச் சேர்ப்பவர்கள் ஒலியை, போன் பதியும் ஏஏசி முறையிலிருந்து டால்பிக்கு மாற்ற வேண்டும். சாதாரண ப்ளூரே பிளேயர் ஏஏசியையும், புதிய போன்கள் படத்தைச் சுருக்கும் ஹெச்.265 முறையையும் எடுக்காது. போனில் ஃப்ரேம் வேகம் ஏறி இறங்கும். அதை நிலையான வேகத்துக்கு மாற்றாவிட்டால் போகப்போக மேளம் ஒரு பக்கம், தவில்காரர் கை ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

டிஸ்க்கில் எழுதும்போது இம்க்பர்ன் என்ற மென்பொருளில், ப்ளூரேவுக்கு யுடிஎஃப் 2.50 என்ற கோப்பு அமைப்பைத் தேர்ந்தெடுங்கள், ப்ளூரேவுக்கு 4 மடங்கு, டிவிடிக்கு 8 மடங்கு வேகம், முடிந்ததும் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க 'வெரிஃபை'. 25 ஜிபி டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் 23.3 என்றுதான் காட்டும். அதிலும் 22-ஐத் தாண்ட வேண்டாம். டிஸ்க்கில் எழுத்து உள்ளிருந்து வெளியே போகிறது, கோளாறு முதலில் வருவது வெளி ஓரத்தில்தான். கடைசி அன்னதானக் காட்சி மட்டும் நின்று நின்று போவதற்குக் காரணம் அதுதான்.

சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கும்போது 'எல்டிஹெச்' என்று போட்ட ப்ளூரேவைத் தவிருங்கள். அது கரிமச் சாயத்தில் ஆனது, சீக்கிரம் கெடும். எழுதுகிற ப்ளூரே தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது, ஆகவே நல்ல டிஸ்க் கிடைக்கும்போது பத்துப் பதினைந்து வாங்கி வைக்கலாம். ஒட்டுகிற லேபிள் வேண்டாம். சென்னைப் புழுக்கத்தில் ஓரம் கிளம்பி, பிளேயருக்குள் டிஸ்க் தடதடக்கும். தண்ணீர் மை மார்க்கரில் மேல்பக்கம் மட்டும் எழுதுங்கள். தபாலில் அனுப்ப பபுள் கவர் மட்டும் போதாது, கெட்டியான டிவிடி பெட்டிக்குள் வைத்து அதற்கு மேல் பபுள் கவர்.

டிஸ்க் வேண்டுவோர் எந்த நாடு, வீட்டில் ப்ளூரே பிளேயரா டிவிடி பிளேயரா, இரண்டையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். மூலக் கோப்புகள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் தனித்தனி வீடுகளில் இருக்கும்.